சந்தா நோட்டும் பொது வேலைநிறுத்தமும்: கார்ல் லெகீன் பற்றி வாசகர் கேள்விகள்

1920 மார்ச்சில் ஜெர்மனியில் ராணுவ ஆட்சிக்கவிழ்ப்பை ஒரு வேலைநிறுத்தம் நான்கே நாளில் முறியடித்தது என்று சென்ற இதழில் இரண்டே வரியில் எழுதியிருந்தோம். அதை நடத்தியவர் தொழிற்சங்கத் தலைவர் கார்ல் லெகீன் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டு வரி போதாது என்று கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, பதில்கள் கீழே.

*லெகீன் யார்? படித்த வக்கீலா, பாட்டாளியா? பெயரை எப்படி உச்சரிப்பது?*
— வாசகர், அம்பத்தூர்

'லெ-கீன்'. இரண்டாவது அசையை நீட்ட வேண்டும்; 'கீ' அழுத்தமாக ஒலிக்கும்.

பிறப்பு 1861 டிசம்பர் 1, அன்றைய மேற்குப் பிரஷ்யாவின் மாரியன்பூர்க்கில். இப்போது அந்த ஊர் போலந்தில், மால்போர்க் என்ற பெயரில் இருக்கிறது. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து தோர்ன் நகர அநாதை இல்லத்தில் வளர்ந்தார். பள்ளி முடிந்ததும் மரக் கடைசல் வேலைக்குத் தொழில் பழக அனுப்பினார்கள். பிறகு மூன்று ஆண்டு ராணுவ சேவை. அதன் பின், அந்தக் காலத்துக் கைவினைஞர்களின் வழக்கப்படி, ஊர் ஊராக வேலை தேடி நடந்த நாட்கள். 1885இல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஹம்பர்க்குக்கு வந்தார். 1887இல் ஜெர்மன் கடைசல் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானபோது வயது 25.

கடைசல் பட்டறை ஜெர்மன் சோஷலிசத்துக்கு வைத்துக்கொடுத்த தலைவர்களைத் தனியாக எண்ணலாம். கட்சியின் பெருந்தலைவர் ஆகஸ்ட் பேபலும் கடைசல்காரர்தான். எருமைக் கொம்பில் கதவுப் பிடிகள் கடைந்து விற்றவர். லெகீனுக்குப் பின் சங்கத் தலைமைக்கு வந்த தியோடர் லைபார்ட்டும் கடைசல்காரர். சுழலும் மரத்தில் உளியைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் துண்டு தெறித்துவிடும். அழுத்தாவிட்டால் வடிவம் வராது. லெகீனின் அரசியலும் ஏறக்குறைய அந்தக் கை அளவுதான். அழுத்த வேண்டிய இடத்திலும் அவர் அழுத்தவில்லை என்பதுதான் எதிரிகளின் புகார்.

*ஜெர்மனியில் அதற்கு முன்பே சங்கங்கள் இருந்தனவே. லெகீன் புதிதாக என்ன செய்தார்?*
— வாசகர், கோயம்புத்தூர்

சங்கங்கள் இருந்தன. ஆனால் தனித்தனித் தீவுகளாக இருந்தன. பிஸ்மார்க்கின் சோஷலிஸ்ட் எதிர்ப்புச் சட்டம் 1878 முதல் 1890 செப்டம்பர் வரை அமலில் இருந்த காலம் அது. சங்கத்தில் சோஷலிச வாடை தெரிந்தாலே போலீஸ் பூட்டிவிடும். 1890 மே தினத்தன்று ஹம்பர்க்கில் வேலைக்குப் போகாதவர்களை முதலாளிகள் வெளியே நிறுத்திக் கதவடைப்புச் செய்தார்கள். சங்கத்தை விட்டு விலகினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். அந்தப் போராட்டம் தோற்றது. ஒரு தொழிலில் அடி விழும்போது மற்றத் தொழில்களிலிருந்து முறையாகப் பணம் திரட்டி அனுப்ப ஆளில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

அந்த நவம்பரில் பெர்லினில் கூடிய சங்கப் பிரதிநிதிகள் ஏழு பேர் கொண்ட பொதுக்குழு ஒன்றை அமைத்தார்கள். தலைவர் லெகீன். 1891 ஜனவரியிலிருந்து குழுவுக்கென ஒரு வார இதழ். 1892 மார்ச்சில் ஹால்பர்ஸ்டாட் நகரில் முதல் மாநாடு. 208 பிரதிநிதிகள், சுமார் 3 லட்சம் உறுப்பினர்கள் சார்பில்.

அங்கே வெடித்தது ஒரு சண்டை. ஊர்வாரியாகச் சிறு சங்கங்களா, தொழில்வாரியாக நாடு முழுதுக்கும் ஒரே சங்கமா? வெறும் அமைப்புச் சண்டை போலத் தோன்றும், ஆனால் பின்னணியில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. பிரஷ்யாவின் 1850ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, அரசியல் பேசும் சங்கங்கள் ஒன்றோடொன்று இணையக் கூடாது. ஆகவே ஊர்ச் சங்கமாக இருந்தால் தாராளமாக அரசியல் பேசலாம். நாடளாவிய சங்கமாக இருந்தால் கூலி, வேலை நேரம் தவிர வேறு எதுவும் பேசாமல் ஜாக்கிரதையாக நடக்க வேண்டும். பெண்களுக்கு இன்னும் மோசம்: அரசியல் சங்கத்தில் உறுப்பினராகவே முடியாது, அந்தத் தடை 1908இல்தான் நீங்கியது. லெகீன் நாடளாவிய சங்கம் என்ற பக்கம் நின்றார், வென்றார். ஊர்ச் சங்கக்காரர்கள் பிரிந்து போனார்கள். அந்தக் கிளையிலிருந்துதான் பின்னாளில் ஜெர்மன் அனார்க்கோ-சிண்டிகலிஸ்டுகள், அதாவது அரசும் கட்சியும் வேண்டாம், சங்கங்களே போதும் என்றவர்கள், வந்தார்கள்.

அரசியல் பேச்சை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரும் பழக்கம் முதலில் சட்டத்துக்குப் பயந்து வந்தது. சட்டம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. லெகீனைப் புரிந்துகொள்ள இதை மறக்கக் கூடாது.

*நாடளாவிய சங்கம் ஏன் பலம்? உள்ளூர்க்காரனுக்குத்தானே உள்ளூர் நிலைமை தெரியும்? வேலைநிறுத்த நிதி எப்படி வேலை செய்தது என்று கணக்கோடு சொல்ல முடியுமா?*
— பின்னலாடைத் தொழிலாளி, திருப்பூர்

கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். ஓர் ஊர்ச் சங்கத்தில் 1,000 பேர். வாரச் சந்தா 40 ஃபெனிக், அதாவது மார்க்கில் நூற்றில் நாற்பது பங்கு. வார வரவு 400 மார்க். வேலைநிறுத்தம் வந்தால் ஆளுக்கு வாரம் 12 மார்க் படி கொடுத்தாக வேண்டும் என்றால், செலவு 12,000 மார்க். முப்பது வாரச் சேமிப்பு ஒரே வாரத்தில் காலி. முதலாளிக்கும் இந்தக் கணக்கு தெரியும். அவர் செய்ய வேண்டியதெல்லாம் இரண்டு வாரம் காத்திருப்பதுதான். அதே சங்கம் ஒரு லட்சம் பேர் கொண்ட நாடளாவிய அமைப்பின் கிளையாக இருந்தால்? வார வரவு 40,000 மார்க். அந்த ஆயிரம் பேரை மூன்று வாரத்துக்கு மேல் ஒரு வார வரவிலேயே தாங்கலாம். மற்ற 99,000 பேர் வேலையில் இருந்து சந்தா கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது. ஆகவே மையத்தின் அனுமதி இல்லாமல் கிளை வேலைநிறுத்தம் தொடங்கினால் படி கிடையாது என்ற விதி சங்கங்களில் வந்தது. அனுமதி கேட்கும் கிளையிடம் மையம் கேட்கும் கேள்விகள் நம் ஊர் சங்கச் செயலாளருக்கும் புதியவை அல்ல. பட்டறையில் எத்தனை பேர், அதில் உறுப்பினர் எத்தனை? சந்தா பாக்கி எவ்வளவு? இப்போது ஆர்டர் நெருக்கடியான பருவமா, வேலை மந்தமான பருவமா? கையிருப்புச் சரக்கு எவ்வளவு நாளைக்கு வரும்? மந்தமான பருவத்தில் வேலைநிறுத்தம் செய்தால் முதலாளிக்குக் கூலி மிச்சம். பாதிப் பேர் சங்கத்துக்கு வெளியே இருந்தால் மறுநாளே கருங்காலிகள் உள்ளே. அனுமதி கிடைத்ததும் மற்ற ஊர்ச் சங்க இதழ்களில் அறிவிப்பு வரும்: இந்த ஊருக்கு இந்தத் தொழில்காரர்கள் வேலை தேடிப் போகாதீர்கள்.

சந்தாவுக்கு ரசீது கிடையாது; ஒட்டுத்தலைதான். தபால் தலை போன்ற சிறு சீட்டை வாங்கி உறுப்பினர் நோட்டில் அந்த வாரத்துக்கான கட்டத்தில் ஒட்ட வேண்டும். நோட்டைத் திறந்தால் காலியான கட்டம் பல் விழுந்த வாய் போலத் தெரியும். அந்த நோட்டைக் காட்டித்தான் வேறு ஊரில் பயணப்படி வாங்கலாம். நோய்ப்படி, வேலையில்லாக் காலப் படி, இறந்தால் ஈமச்செலவு எல்லாம் அதை வைத்துத்தான். இடதுசாரி விமர்சகர்கள் இதைக் கேலி செய்தார்கள்: சங்கம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகிவிட்டதாம். ஆனால் தோற்ற வேலைநிறுத்தத்துக்குப் பிறகும் ஆட்கள் சங்கத்தை விட்டு ஓடாமல் நின்றதற்கு அந்தப் படிகளே முக்கியக் காரணம். 1904இல் உறுப்பினர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. 1913இல் 25 லட்சம்.

*அப்படியானால் லெகீன் காலத்து வேலைநிறுத்தங்கள் எல்லாம் வென்றனவா?*
— அதே வாசகர்

இல்லை. ஹம்பர்க் துறைமுக வேலைநிறுத்தம், 1896 நவம்பர் முதல் 1897 பிப்ரவரி வரை பதினொரு வாரம். உச்சத்தில் 17,000 பேர் வரை வெளியே நின்றார்கள். முழுத் தோல்வி. குளிர்காலம், அமைப்பில் சேராத கூலிகள் ஏராளம், கப்பல் முதலாளிகள் பேச்சுவார்த்தைக்கே வர மறுப்பு.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமானது இன்னொன்று. சாக்சனியில் கிரிமிச்சௌ என்ற நெசவு ஊர். பதினொரு மணி நேர வேலையைப் பத்தாகக் குறைக்கச் சொல்லி 1903 ஆகஸ்ட்டில் கோரிக்கை. பெருமளவில் பெண் தொழிலாளர்கள். நாடு முழுவதிலிருந்தும் பணம் கொட்டியது. பணம் தீரவில்லை. அப்படியும் 1904 ஜனவரியில் நிபந்தனையின்றி வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. காரணம், எதிர்ப்பக்கமும் நாடளாவிய நிதி திரட்டியதுதான். ஒரு சிற்றூர் மில்களுக்கு ஜெர்மன் தொழிலதிபர்கள் எல்லோரும் முட்டுக் கொடுத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்தே முதலாளிகளின் மையக் கூட்டமைப்புகள் 1904இல் பிறந்தன. லெகீனின் பாடத்தை அவர்களும் படித்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

*ரோசா லக்சம்பர்க்குக்கும் லெகீனுக்கும் என்ன தகராறு?*
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ஒரே கட்சி, இரண்டு கடிகாரங்கள். ரோசா சமூக ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிக் குரல். 1905இல் ரஷ்யப் புரட்சி. அரசியல் கோரிக்கைக்காக நாடே வேலையை நிறுத்தும் 'வெகுஜன வேலைநிறுத்தம்' ஜெர்மனியிலும் வேண்டும் என்றார் ரோசா. அந்த மே மாதம் கொலோன் நகரில் கூடிய சங்க மாநாடு, அந்த யோசனையைப் பிரசாரம் செய்வதையே நிராகரித்தது. செப்டம்பரில் யேனா நகரில் கட்சி மாநாடு: வாக்குரிமையையோ சங்க உரிமையையோ பறித்தால் தற்காப்பாக அந்த ஆயுதத்தை எடுக்கலாம் என்றது. இரண்டு தீர்மானங்களும் மோதின. 1906 பிப்ரவரியில் கட்சித் தலைமையும் லெகீனின் குழுவும் ரகசியமாகப் பேசி முடித்தார்கள்; விஷயம் பத்திரிகையில் கசிந்து அமளியானது. அதே ஆண்டு மன்ஹைம் மாநாட்டில் முடிவு வந்தது: இரு தரப்பையும் பாதிக்கும் காரியங்களில் கட்சியும் சங்கமும் முன்கூட்டியே கலந்து ஒத்துப்போக வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால் சங்கத்துக்கு வீட்டோ கிடைத்தது.

ரோசா சங்க வேலையை, மலையுச்சிக்குக் கல்லை உருட்டி ஏற்றியதும் அது மறுபடி உருண்டு விழும் கிரேக்கக் கதையோடு ஒப்பிட்டிருந்தார். ஒட்டுத்தலை விற்கும் ஆளுக்கு அது எப்படி எரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரோசா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. மொத்த உழைப்பும் ஒரே பணவீக்கத்தில் கரைவதை 1923 காட்டியது. ஆனால் கல்லை உருட்டுபவர்கள் இல்லாத நாட்டில் 1920 மார்ச் நடந்திருக்காது.

இன்னொன்று. 'பொது வேலைநிறுத்தம் என்பது பொது மடத்தனம்' என்ற வாசகத்தைச் சிலர் லெகீன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது வழக்கமாக இக்னாட்ஸ் ஔவர் என்ற இன்னொரு கட்சித் தலைவரின் பெயரில் வழங்குவது.

*1914இல் போரை ஆதரித்த துரோகியை எதற்கு இவ்வளவு பாராட்டுகிறீர்கள்?*
— வாசகர், மதுரை

பாராட்டு இனிமேல்தான் வர இருந்தது; அதற்குள் அவசரப்பட்டுவிட்டீர்கள். குற்றச்சாட்டு பொய்யில்லை. 1914 ஆகஸ்ட் 2 அன்று, நாடாளுமன்றத்தில் போர்க் கடனுக்குக் கட்சி வாக்களிப்பதற்கு இரண்டு நாள் முன்பே, சங்கத் தலைமைகள் கூடி நடப்பு வேலைநிறுத்தங்களை நிறுத்தவும் புதிதாகத் தொடங்காமலிருக்கவும் முடிவு செய்தன. காரணங்கள் இரண்டு. ராணுவச் சட்டத்தில் சங்கங்களைக் கலைத்து நிதியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. மற்றது வேலையின்மை: அந்த ஆகஸ்ட்டில் சங்க உறுப்பினர்களில் 22 சதவீதத்துக்கு மேல் வேலை இழந்தார்கள். பெட்டியில் இருந்தது வேலைநிறுத்தத்துக்குச் சேர்த்த பணம். அது வேலையில்லாதவர்களுக்கும் போருக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கும் போனது. 1916இல் உறுப்பினர் எண்ணிக்கை 10 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

பயம் புரிகிறது. 1915 தொடக்கத்தில், போர்க் கடனை எதிர்த்து வாக்களித்த கார்ல் லீப்க்னெக்ட்டைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தவரும் லெகீன்தான். அதற்குப் பயம் ஒரு சாக்கு ஆகாது.

ஆனால் 1916 டிசம்பரின் துணைச் சேவைச் சட்டத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 17 முதல் 60 வயது வரை எல்லா ஆண்களும் போர்ப் பொருளாதாரத்தில் வேலை செய்தாக வேண்டும். முதலாளி விடுப்புச் சீட்டு தராமல் வேறு கம்பெனிக்குப் போகக் கூடாது. அடிமைச் சட்டம் போலத்தான் ராணுவம் எழுதியிருந்தது. சங்கக்காரர்கள் நாடாளுமன்றத்தில் அதில் நுழைத்தவை: 50 பேருக்கு மேல் உள்ள தொழிற்சாலையில் தேர்ந்தெடுத்த தொழிலாளர் குழு கட்டாயம், தகராறைத் தீர்க்க இரு தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும் நடுவர் மன்றம், வேறு இடத்தில் நல்ல கூலி கிடைப்பதும் வேலையை மாற்றத் தக்க காரணம்தான் என்ற ஒரு வரி. அந்த ஒரு வரி சட்டத்தின் முதுகெலும்பை உடைத்தது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கூலி ஏறிக்கொண்டே போனது, தொழிலதிபர்கள் புலம்பினார்கள். சங்கத்தின் பெயரையே வாசலில் கேட்க மாட்டோம் என்ற இரும்பு, நிலக்கரி முதலாளிகள் முதல்முறையாக சங்கக்காரரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டிவந்தது.

*எட்டு மணி நேர வேலையை லெகீன்தான் வாங்கிக் கொடுத்தார் என்கிறார்கள். புரட்சிதானே கொடுத்தது?*
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி

இரண்டும். 1918 நவம்பர் 9இல் பேரரசர் ஆட்சி விழுந்தது. ஆறாவது நாள், நவம்பர் 15, ஸ்டின்னஸ்–லெகீன் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சு புரட்சிக்கு முன்பே, அக்டோபரிலேயே தொடங்கியிருந்தது. எதிரே உட்கார்ந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல: ரூர் பகுதி நிலக்கரி, உருக்குச் சக்கரவர்த்தி ஹூகோ ஸ்டின்னஸ், எஞ்சின் கம்பெனி போர்சிக், சீமென்ஸ் குடும்பத்தின் கார்ல் ஃப்ரீட்ரிக், மின்துறை ராதெனாவ். 21 முதலாளி அமைப்புகளும் ஏழு தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஒப்புக்கொண்டன.

பன்னிரண்டு அம்சங்கள். சாரம் இது: சங்கமே தொழிலாளர்களின் பிரதிநிதி. கம்பெனியே நடத்தும் கைக்கூலிச் சங்கங்களுக்கு இனி முதலாளிகளிடமிருந்து பணமோ ஆதரவோ இல்லை. போர்முனையிலிருந்து திரும்புகிறவருக்குப் பழைய வேலை. கூலியும் நிலைமைகளும் கூட்டு ஒப்பந்தத்தால். ஐம்பது பேர் உள்ள இடத்தில் தொழிலாளர் குழு. வேலைவாய்ப்பு அலுவலகங்களை இரு தரப்பும் சமமாக நிர்வகிப்பது. எல்லா நிறுவனங்களிலும் நாள் வேலை எட்டு மணி நேரத்துக்கு மிகாது. நேரம் குறைந்ததற்காகக் கூலி குறையாது.

கடைசியில் உள்ள இந்த வாக்கியம்தான் இருபத்தைந்து ஆண்டு மே தின ஊர்வலங்கள் கேட்டது. முதலாளிகள் ஏன் கொடுத்தார்கள்? தெருவில் தொழிலாளர், சிப்பாய் கவுன்சில்கள் இருந்தன. சுரங்கத்தையும் ஆலையையும் பொதுவுடைமை ஆக்கு என்ற கோஷம் இருந்தது. ஆலையே போவதைவிட இரண்டு மணி நேரம் போகட்டும் என்ற கணக்கு. லெகீனின் கணக்கு வேறு: மக்கள் கூட்டம் கலைந்துவிடும், கையெழுத்து இருக்கும்.

கையெழுத்தும் முழுதாக இருக்கவில்லை. வெளியே சொல்லாத ஒரு துணைக் குறிப்பில், மற்றத் தொழில் நாடுகளும் எட்டு மணி நேரத்துக்கு வந்தால்தான் இது நிரந்தரம் என்று முதலாளிகள் தங்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். 1923 டிசம்பரில் வந்த வேலை நேர ஆணை பத்து மணி நேரம் வரை அனுமதித்தது. 1924 ஜனவரியில் சங்கங்கள், ஒப்பந்தத்தின்படி முதலாளிகளோடு அமைத்திருந்த கூட்டுக் குழுவை விட்டு வெளியேறின. ஆனால் கூட்டு ஒப்பந்தம் சட்டமாகி நின்றது. ஜெர்மனியில் ஆலைக் குழுவும் கூட்டுப் பேரமும் இன்றைக்கும் அந்தத் தடத்தில்தான் போகின்றன.

ஸ்டின்னஸ் தன் சரக்குக் கப்பல் ஒன்றுக்குக் 'கார்ல் லெகீன்' என்று பெயர் வைத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது மரியாதையா, கேலியா என்பது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

*1920 வேலைநிறுத்தத்தை நாள்வாரியாகச் சொல்லுங்கள். ராணுவத்தை வெறுங்கையால் எப்படி வென்றார்கள்?*
— பலரும் கேட்டது

முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தப்படி ராணுவத்தைக் குறைக்க வேண்டும், எயர்ஹார்ட் என்பவரின் கடற்படைப் பிரிகேடைக் கலைக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. ஜெனரல் லுட்விட்ஸ் மறுத்தார். மார்ச் 13, சனிக்கிழமை விடிகாலையில் அந்தப் பிரிகேட் பெர்லினுக்குள் அணிவகுத்தது. வொல்ஃப்காங் காப் என்ற அதிகாரி தன்னைப் பிரதமர் என்று அறிவித்துக்கொண்டார். அரசைக் காக்கச் சொன்னால் ராணுவத் தலைமை சுடமாட்டோம் என்றது. குடியரசுத் தலைவர் ஏபர்ட்டும் அமைச்சர்களும் டிரெஸ்டனுக்கும் அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கும் போய்விட்டார்கள். லெகீன் பெர்லினிலேயே தங்கினார். வயது 58.

அவர் அப்போது 'பொது ஜெர்மன் தொழிற்சங்கக் கூட்டமைப்பின்' தலைவர். 1919 கோடையில் நியூரம்பர்க்கில் அமைந்தது, உறுப்பினர்கள் 80 லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அலுவலக ஊழியர் கூட்டமைப்போடு சேர்ந்து அவர் சனிக்கிழமையே அழைப்பு விடுத்தார். அரசு ஊழியர் சங்கமும் பிறகு வந்தது. நடுவில் ஞாயிறு, செய்தி பரவ ஒரு நாள் கிடைத்தது. திங்களன்று நாடு நின்றது. பெர்லினில் குழாயில் தண்ணீர் இல்லை, எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை, டிராம் இல்லை, பத்திரிகை இல்லை. மொத்தம் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் எண்.

வெறுங்கை என்பது சரியல்ல. கவிழ்ப்பவர்களுக்குத் தேவையானவை மூன்று: உத்தரவு போய்ச் சேர வழி, உத்தரவை நிறைவேற்ற அதிகாரிகள், கொடுக்கப் பணம். அச்சகம் நின்றதால் காப்பின் அறிக்கைகளைப் படிக்க ஆளில்லை. அமைச்சகங்களில் மூத்த அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை. சிப்பாய்களுக்குச் சம்பளம் எடுக்க ஆள் அனுப்பினார் காப். முறையான கையெழுத்து இல்லாமல் பணம் தரமுடியாது என்று ரிசர்வ் வங்கிக்கு நிகரான ரைஷ்ஸ்பாங்க் திருப்பி அனுப்பியது. வேலைநிறுத்தத் தலைவர்களுக்கு மரண தண்டனை என்று அறிவித்து, பிறகு அதையும் விலக்கிக்கொண்டார்கள். மின் நிலையத்தைத் துப்பாக்கியால் பிடிக்கலாம், ஓட்ட முடியாது. செவ்வாய் போய் புதன், 17ஆம் தேதி, காப் ஓடிவிட்டார். போய்ச் சேர்ந்தது சுவீடன்.

பதினைந்து ஆண்டுக்கு முன் வெகுஜன வேலைநிறுத்தத்தைத் தடுத்த அதே மனிதர்! முரண்பாடாகத் தெரியலாம். 1905 மாநாட்டில் எதிர்த்தது, அமைப்பில் பாதியும் சேராத நிலையில் கேட்ட வேலைநிறுத்தத்தை. 1920இல் அரசு ஊழியர் வரை எல்லோரும் உள்ளே இருந்தார்கள். அவரது பழைய கேள்வித்தாளில் எல்லாக் கட்டத்திலும் பதில் இருந்தது. கூடவே, குடியரசு போனால் 1918 கையெழுத்தும் போகும்.

*வென்ற பிறகு ஆட்சியைப் பிடித்திருக்கலாமே?*
— அதே மதுரை வாசகர்

இந்த முறை உங்கள் கேள்வி சரியான இடத்தில் விழுகிறது. காப் ஓடியும் லெகீன் வேலைநிறுத்தத்தை நிறுத்தவில்லை. ஒன்பது கோரிக்கைகள் வைத்தார்: புதிய அரசை அமைப்பதில் சங்கங்களுக்குப் பங்கு, சதிகாரருக்குத் தண்டனை, பாதுகாப்பு அமைச்சர் நொஸ்கே வெளியேற்றம், நிர்வாகத்திலும் ராணுவத்திலும் குடியரசு விரோதிகளை அகற்றுதல், சுரங்கங்களைப் பொதுவுடைமை ஆக்குதல், உணவைப் பதுக்கும் நிலக்கிழார்களிடமிருந்து நிலப் பறிமுதல், இன்னும் சில. 20ஆம் தேதி ஆளும் கட்சிகள் ஒப்புக்கொண்டன. 23இல் வேலைநிறுத்தம் முடிந்தது.

பிரதமர் பதவியும் அவருக்கு வந்தது, மறுத்தார். போர் விஷயத்தில் முரண்பட்டுப் பிரிந்துபோன சுயேச்சை சோஷலிஸ்ட் கட்சியும் சேர்ந்த தொழிலாளர் அரசு என்ற யோசனையை அந்தக் கட்சியின் இடது பிரிவு ஏற்கவில்லை. அவர்கள் இல்லாமல் பெரும்பான்மையும் இல்லை. ஹெர்மன் முல்லர் பிரதமரானார். நொஸ்கே போனார். மற்றவை? காகிதத்தில் நின்றன. ரூர் பகுதியில் ஆயுதம் ஏந்திய தொழிலாளர்களை அடக்க ஏப்ரலில் போன படைகளில், காப்புக்குக் கைகட்டி நின்ற படைப்பிரிவுகளும் இருந்தன. ஜூன் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியின் வாக்கு 38 சதவீதத்திலிருந்து 22க்கு விழுந்தது.

எங்கள் கருத்து: லெகீனுக்கு வேலையை நிறுத்தத் தெரிந்தது, பேரம் பேசத் தெரிந்தது. பேரத்தின் எதிர்த்தரப்பு வாக்கைக் காக்கும் என்ற நம்பிக்கை முதலாளிகள் விஷயத்திலேயே அரைகுறையாகத்தான் பலித்தது. ராணுவத்தின் விஷயத்தில் பலிக்கவே இல்லை. மறுபடி மிரட்ட அவருக்கு நாளும் இருக்கவில்லை. 1920 டிசம்பர் 26இல் இறந்தார். பெர்லின் ஃப்ரீட்ரிக்ஸ்ஃபெல்டே மயானத்தில் அடக்கம்.

*பிறகு ஹிட்லர் வந்தபோது அதே ஆயுதத்தை ஏன் எடுக்கவில்லை?*
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

1932 ஜூலை 20இல் பிரஷ்ய மாநில அரசை மைய அரசு கலைத்தபோதே கேட்ட கேள்வி இது. அப்போது தலைவர் லைபார்ட். வேலையில்லாதோர் 50 லட்சத்துக்கு மேல். 1920இல் ஒவ்வொரு வேலைநிறுத்தக்காரருக்கும் பதிலாக நிறுத்த ஆள் கிடையாது. 1932இல் ஒவ்வொரு வாசலிலும் வரிசை. எதிர்த்தரப்பில் இருந்தவர்களும் சட்டப்படி அமைந்த அரசு என்ற சட்டையைப் போட்டிருந்தார்கள். அதிகாரிகள் கீழ்ப்படிய மறுக்கவில்லை. தொழிலாளர் கட்சிகளோ ஒன்றையொன்று முதல் எதிரியாகக் கருதின. இதெல்லாம் சரி. ஆனால் 1933 மே 1இல் நாஜிகள் நடத்திய விழாவில் பங்கேற்கச் சொல்லி உறுப்பினர்களுக்குச் சங்கமே அழைப்பு விடுத்ததை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. மறுநாள் மே 2, சங்க அலுவலகங்களுக்குள் நாஜிப் படை நுழைந்தது. கல்லாப் பெட்டிகள் உட்பட எல்லாம் போயின. லைபார்ட் கைதானார்.

*பெர்லினுக்கு மகனைப் பார்க்கப் போகிறேன். லெகீன் நினைவாகப் பார்க்க ஏதாவது உண்டா?*
— வாசகி, நாகர்கோவில்

உண்டு, சிலையை எதிர்பார்க்காதீர்கள். பிரென்ட்ஸ்லவர் பெர்க் பகுதிக்குப் போங்கள். எம்-2 டிராமில் எரிக்-வைனெர்ட் தெரு நிறுத்தத்தில் இறங்கிக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் 'கார்ல் லெகீன் குடியிருப்பு'. கட்டடக் கலைஞர்கள் புரூனோ டவுட், ஃபிரான்ஸ் ஹில்லிங்கர். 1928 முதல் 1930 வரை கட்டியது. 1,100க்கு மேற்பட்ட வீடுகள். அந்தக் காலத்துப் பெர்லின் தொழிலாளி குடியிருந்தது நாலாபுறமும் சுவர் சூழ்ந்த இருட்டு முற்றத்துக்குள். டவுட் அந்த முற்றத்தின் ஒரு சுவரை எடுத்துவிட்டார்: ஒவ்வொரு கட்டடமும் 'ப' எழுத்தைப் படுக்க வைத்தது போல, திறந்த பக்கம் தெருவை நோக்கி. வரவேற்பறையும் பால்கனியும் தெருப் பக்கம் இல்லை, முற்றத்துப் பசுமையின் பக்கம். வெளிச் சுவர்களில் மஞ்சள் நிறம். உள்முற்றங்களில் வண்ணம் மாறும், அதை நின்று பாருங்கள். நாஜிகள் லெகீன் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் சூட்டியிருந்தார்கள். 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம்; மாலை வெயிலில் போனால் படம் நன்றாக வரும்.